பொட்டலத்தின் மேல் ஒரு பெயர்

வறுமையிற் பிறந்த ஒருவன் உழைத்து உயர்ந்து, செல்வனாகி, பிறருக்கு ஈந்து, புகழோடு மறைந்தான் என்னும் கதையைப் போல் மாணவர் விரும்பிக் கேட்கும் கதை வேறொன்று இல்லை. பாடநூல்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது. பரிசளிப்பு விழா மேடைகளில் விருந்தினர் அதனையே மீண்டும் சொல்கின்றனர். மூதூர் போன்ற ஊர்களில் இக்கதைக்கு வலிமை இன்னும் அதிகம். ஒரு புறம் கொட்டியாரக் குடா. மறு புறம் வயல்வெளி. கடலும் மழையும் ஒத்துழைத்தால் சோறு, இல்லையேல் கடன். போரையும் இடப்பெயர்வையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட இவ்வூரின் பிள்ளைக்கு 'முயன்றால் நீயும் உயரலாம்' என்னும் வாக்கு வெறும் அலங்காரம் அன்று. அது அவன் பற்றிக்கொள்ளும் கயிறு. அக்கயிற்றை அறுத்துவிட நமக்கு உரிமை இல்லை. ஆனால், கதையின் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறு பாதியை மட்டும் அவன் கையிற் கொடுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டா? இக்கேள்வியையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

ஆராய்ச்சிக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தோமஸ் லிப்டன் என்பது அவர் பெயர். தேயிலை என்றாலே நினைவுக்கு வரும் வியாபாரக்குறிகளுள் அவர் பெயரும் ஒன்று. உலகின் எத்தனையோ நாடுகளில், அவர் எந்த ஊரில் பிறந்தார், எப்போது இறந்தார் என்று அறியாதவர்களும் அப்பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். நமக்கோ அவர் அந்நியர் அல்லர். இலங்கையின் மலைகளிலே அவர் செல்வம் பெருகியது. நமது மொழி பேசும் மக்களின் கைகளே அதனைப் பெருக்கின. மகாவலி கங்கை அத்தேயிலை மலைகளிலே பிறந்து, இந்நாட்டின் மிக நீண்ட நதியாக ஓடி, மூதூரின் அருகே கடலிற் கலக்கிறது. மலையில் நடந்தவை எமக்குத் தொலைவானவை என்று எண்ணுவதற்கு இயற்கையே இடம் வைக்கவில்லை.

முதலில் அவர் வாழ்க்கையை நேர்மையாகச் சொல்லுவோம். லிப்டன் 1848ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். 1840களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்ததால் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். அந்தப் பஞ்சத்தின் நாடு அவர் முன்னோரின் நாடு. பெற்றோர் கிளாஸ்கோவில் வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி விற்கும் சிறு கடை ஒன்றை வைத்தனர். மகன் பள்ளியை விட்டு விரைவிலேயே வேலைக்குச் சென்றான். எழுதுபொருட் கடையில் ஏவலாள், துணி மாதிரிகளை வெட்டும் பையன், பெல்பாஸ்டுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஓடிய கப்பலில் பணியாள் என்று வேலைகள் மாறின. 1865ஆம் ஆண்டில் அவ்விளைஞன் அமெரிக்கா சென்றான். அங்கே வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயலிலும் பாடுபட்டுப் பின் நியூயோர்க்கில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் வேலை செய்தான். சரக்கை எப்படி அடுக்குவது, எப்படிக் காட்டுவது, வாங்குவோரை எப்படி அழைப்பது என்பவற்றை அங்கே கற்றான்.

தாயகம் திரும்பியவர், 1871ஆம் ஆண்டில் கிளாஸ்கோவின் ஸ்டொப்குரோஸ் தெருவில் தம் முதற் கடையைத் திறந்தார். விளம்பரத்தில் அவருக்கு நிகர் அக்காலத்தில் இல்லை. கொழுத்த பன்றிகளைத் தெருவழியே ஓட்டி, 'லிப்டன் கடைக்குச் செல்லும் அநாதைகள்' என்று எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார். 1881ஆம் ஆண்டின் நத்தாருக்கு இராட்சதப் பாற்கட்டி ஒன்றைத் தருவித்து, அதனுள் தங்க நாணயங்களைப் புதைத்து, துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தார். 1880களின் முடிவில் பிரித்தானியா எங்கும் அவருக்குச் சுமார் 300 கடைகள் இருந்தன. இடைத்தரகர்களை விலக்கி, உற்பத்தியாகும் இடத்திலேயே நேரே கொள்முதல் செய்து, மலிவாக விற்பதே அவர் தொழிலின் சூத்திரம். தேயிலை அச்சூத்திரத்திற்கு உகந்த பண்டமாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

1890ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்தார். 1869 தொடங்கிக் கோப்பிச் செடிகளைத் தாக்கிய இலைத்துரு நோய் இங்கிருந்த பெருந்தோட்டங்களைப் பாழாக்கியிருந்தது. துரைமார் பலர் கடனில் மூழ்கியிருந்தனர், நிலம் மலிந்திருந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். மலையுச்சியிலிருந்து கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்கக் கம்பிவடம் அமைத்தார். தேயிலையைக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, குறித்த எடையுள்ள பொட்டலங்களில் தம் பெயரை அச்சிட்டு விற்றார். இறாத்தல் ஒன்று மூன்று ஷில்லிங் அளவில் விற்ற காலத்தில் அவர் ஒரு ஷில்லிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவர் விளம்பரத்தின் சாரம்.

1897ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் ஆட்சி விழாவையொட்டி இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் கொடுத்தார். 1898இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் வியாபாரம் பங்குடைமைக் கம்பனியாயிற்று. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்து ஐந்து முறையும் தோற்றார். தோல்வியை முகமலர்ச்சியோடு ஏற்றதற்காக அமெரிக்கர் அவருக்குத் தனியே ஒரு தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தனர். முதல் உலகப் போரில் தம் உல்லாசக் கப்பலைச் செர்பியாவுக்கு மருத்துவரையும் தாதியரையும் ஏற்றிச் செல்ல உதவினார். மணம் செய்யாத அவர் 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் மறைந்தபோது, தம் செல்வத்தின் பெரும் பகுதியைப் பிறந்த நகரமாகிய கிளாஸ்கோவுக்கே விட்டுச்சென்றார்.

கதையின் முதற்பாதி இது. இதில் பொய் இல்லை. பாராட்டத்தக்கதும் உண்டு. கலப்படம் மலிந்திருந்த ஒரு காலத்தில் குறித்த எடையும் ஒரே தரமும் உள்ள பொட்டலத்தை ஏழைத் தொழிலாளி வாங்க முடிந்தது சிறு காரியம் அன்று. பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்து களைத்தவன் ஒரு கிண்ணம் சூடான தேநீரைத் தன் கூலிக்குள் பெற முடிந்தது. பசியின் பிள்ளை பசித்தவரின் உணவை மலிவாக்கினான் என்று சொல்வதில் தவறில்லை. முதலாளி என்ற ஒரே காரணத்திற்காக இவற்றையெல்லாம் மறுப்பவர் ஆராய்கிறவர் அல்லர், கோபித்துக்கொள்கிறவர். கோபம் ஒரு கட்டுரைக்குத் தொடக்கமாகலாம், முடிபு ஆகாது.

இனி, கதையின் மறு பாதிக்கு வருவோம். அந்தத் தேயிலையைப் பறித்தவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கித் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் கூட்டி வரப்பட்ட தமிழ் மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அவர்களை மேலும் மேலும் இங்கே தள்ளியது. ஆகவே, ஒரே பேரரசின் கீழ் நேர்ந்த இரு பஞ்சங்கள் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. அயர்லாந்துப் பஞ்சத்தின் நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கிளாஸ்கோவில் கடை வைத்தது. தமிழ்நாட்டுப் பஞ்சம் துரத்திய குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தன. காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே வீழ்ந்தவர் பலர். வறுமை என்ற அளவில் இரு பயணங்களும் ஒன்றே. அப்படியாயின், ஒன்று பட்டத்திலும் மற்றொன்று லயத்திலும் முடிந்தது ஏன்?

முயற்சியின் வேறுபாடு என்று விடை சொல்வார் உண்டு. அவ்விடையைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். லிப்டன் இருபத்துமூன்று வயதிற்குள் எத்தனை வேலைகளை விட்டு விலகினார் என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதுபொருட் கடையை விட்டார், துணிக்கடையை விட்டார், கப்பலை விட்டார், புகையிலைத் தோட்டத்தை விட்டார், நெல் வயலை விட்டார், நியூயோர்க் கடையையும் விட்டார். ஒவ்வொரு முறை விட்டுச் சென்றபோதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு சென்றார். அவர் முன்னேற்றத்தின் இரகசியமே இதில் இருக்கிறது. அவருக்கு உழைக்கும் ஆற்றல் இருந்தது. அதனோடு, பிடிக்காத வேலையை விட்டுச் செல்லும் சுதந்திரமும் இருந்தது.

அவர் வாங்கிய தோட்டங்களின் தொழிலாளிக்கு அச்சுதந்திரம் இருந்ததா? அவன் ஊரை விட்டுப் புறப்படும்போதே வழிச்செலவு என்றும் முன்பணம் என்றும் கங்காணியின் கணக்கில் கடனாளியானான். அந்தக் கடனைத் தீர்த்ததாகத் தோட்டத்துரை 'துண்டு' கொடுத்தாலன்றி அவன் வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. துண்டு இல்லாதவனை வேறு துரை ஏற்கமாட்டார். போகும்போது கடனும் கூடவே போகும். இம்முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லிப்டன் தோட்டங்களை வாங்கிய 1890ஆம் ஆண்டில் மலையகமெங்கும் நிலவிய வழக்கம் இதுவே. சிறுவனாகிய லிப்டன் எழுதுபொருட் கடையை விட்டு வெளியேற ஒரு துண்டு வேண்டும் என்ற விதி கிளாஸ்கோவில் இருந்திருப்பின், உலகம் அவர் பெயரைக் கேட்டிருக்காது. தம்மை உயர்த்திய அதே சுதந்திரம் இல்லாத மனிதரின் உழைப்பின் மீது அவர் தம் மாளிகையை எழுப்பினார். 'முயன்றால் உயரலாம்' என்னும் வாக்கு பொய்யன்று. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு கூடிய வாக்கு. நிபந்தனையை விட்டுவிட்டு வாக்கை மட்டும் போதிக்கும்போதுதான் அது பொய்யாகிறது.

மலிவு என்னும் நன்மையையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பண்டம் இரு வழிகளில் மலிவாகலாம். வீணாக நடுவே நின்று பங்கு கேட்போரை விலக்கினால் மலிவாகும். எடுத்துச் செல்லும் முறையைத் திருத்தினால் மலிவாகும். இது அறிவின் பயன். இதில் எவரும் பட்டினி கிடப்பதில்லை. பண்டத்தை உண்டாக்குவோரின் கூலியைச் சில சதங்களில் நிறுத்தி வைத்தாலும் பண்டம் மலிவாகும். இது பிறர் வயிற்றின் பயன். லிப்டனின் பொட்டலத்தில் இவ்விரு மலிவும் கலந்திருந்தன. கிளாஸ்கோத் தொழிலாளியின் கிண்ணத்தில் இருந்த சலுகையின் ஒரு பகுதியை ஹப்புத்தளைத் தொழிலாளி கொடுத்தாள். ஓர் ஏழை மற்றோர் ஏழைக்குக் கொடுத்ததை நடுவே நின்றவர் தம் கொடையாகக் காட்டினார். கிண்ணத்தை ஏந்தியவன் தனக்குக் கொடுத்தது யார் என்று அறியவேயில்லை.

அறியாமற் போனதற்குக் காரணம் பொட்டலத்தின் மேல் இருந்த பெயர். இலங்கை மண்ணில் முதல் முறையாக வணிகத்திற்குத் தேயிலை பயிரான அதே 1867ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதற் பாகம் வெளிவந்தது. சந்தைக்கு வந்த பண்டம் தன்னை உண்டாக்கிய மனித உறவுகளை மறைத்துக்கொண்டு, தானே மதிப்புடைய தனிப்பொருள் போல் தோன்றுகிறது என்று அந்நூலில் அவர் விளக்கினார். வியாபாரக்குறி இம்மறைப்பை நிறைவு செய்கிறது. நிலத்தைத் திருத்தியவர், கவ்வாத்து வெட்டியவர், கொழுந்து பறித்தவர், வாட்டியவர், அரைத்தவர், பெட்டி அடித்தவர், கப்பலில் ஏற்றியவர் என்று நூறு பேர் கை பட்ட பண்டம், இறுதியில் ஒருவர் பெயரை மட்டும் சுமந்து வருகிறது. பண்டத்தைக் குடிப்பவன் அந்த ஒருவருக்கே நன்றி சொல்கிறான்.

இதில் நம் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. லிப்டனின் விளம்பரங்களிலே கூடையும் சேலையுமாகத் தமிழ்ப் பெண் ஒருத்தி அடிக்கடி காட்சி தந்தாள். ஆக, அவள் முழுதும் மறைக்கப்படவில்லை; அவள் உருவம் இருந்தது. உருவம் அவளுடையது, பெயர் அவருடையது. அவளுக்கு நாட்கூலி எவ்வளவு, அவள் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, எத்தனை பேர் ஒரு லயக் காம்பராவில் உறங்குகின்றனர் என்பவற்றை அப்படம் சொல்லவில்லை. அவள் சிரித்தாள், சிரிப்பும் விற்பனைக்குப் பயன்பட்டது. ஆணுக்குச் சமமான நாட்கூலி பெருந்தோட்டப் பெண்ணுக்கு 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது என்பதை அப்படத்தின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். விளம்பரத்தின் வாசகமும் ஆராயத்தக்கது. லிப்டன் விற்ற தேயிலையில் மிகப் பெரும் பகுதி பிறர் தோட்டங்களில் விளைந்து ஏலத்தில் வாங்கப்பட்டதே. அவர் தோட்டங்கள் அத்தனையையும் விளைவித்திருக்க முடியாது. 'நேரே தோட்டத்திலிருந்து' என்ற சொல், தோட்டத்தை அறிந்துவிட்டோம் என்ற நிறைவைக் குடிப்பவனுக்குக் கொடுத்தது. அறியும் ஆவலை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இனி ஈகையைப் பற்றி ஒரு வார்த்தை. 25,000 பவுண் கொடுத்தவரைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஈகையை இகழ்வது நம் மரபும் அன்று. நம் நோக்கமும் அன்று. ஆயினும் ஈகைக்கு முன்னே நிற்கும் கடமை ஒன்று உண்டு. தொழிலாளியின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் போதித்ததாக மூதூரின் பள்ளிவாசல்களிற் கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். செல்வத்தில் வறியோருக்கு உரிய பங்கை ஸக்காத் என்று வகுத்த அச்சமயம், அதனைச் செல்வரின் தயவாகக் கருதவில்லை. வறியவரின் உரிமையாகவே கருதியது. திருவள்ளுவர் ஈகையைப் போற்றியபோதும் அறவழியில் ஈட்டிய பொருளையே மனத்திற் கொண்டார். ஆக, நம் மரபுகள் இரண்டும் ஒரே வரிசையைக் காட்டுகின்றன: முதலில் கூலி, பின்னர் கொடை. வரிசை மாறினால் கொடை தன் பொருளை இழக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடாமல் வைத்துக்கொண்டு, விரும்பியவருக்கு விரும்பியபோது வழங்குவது ஈகையின் உடை அணிந்த அதிகாரமே.

லிப்டனின் உயிலிலும் இது தெரிகிறது. அவர் தம் நகரை மறக்கவில்லை, அந்நன்றி போற்றத்தக்கதே. ஆனால் அவர் செல்வம் உண்டாகிய இடங்களை ஒரு வரைபடத்திலும், அவர் கொடை சென்ற இடங்களை மற்றொரு வரைபடத்திலும் வரைந்தால், முதலாவதில் பெரிதாக நிற்கும் இலங்கை மலை இரண்டாவதில் மங்கிப்போகிறது. மனிதன் தன் கண்ணுக்குத் தெரிந்த ஏழைக்கே இரங்குகிறான். அது இயல்பு. ஆனால் நீதி கண்ணுக்குத் தெரியாதவரையும் கணக்கில் எடுக்க வேண்டியது. இரக்கத்தின் மீது மட்டும் சமுதாயத்தை நிறுத்த முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவர் மறைந்த அதே 1931ஆம் ஆண்டில் கோ. நடேசையர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். கொடைக்குக் காத்திராமல் உரிமையைக் கேட்கலாம் என்ற எண்ணம் மலைகளில் அமைப்பாக உருப்பெற்ற ஆண்டு அது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். கூலி உயர்ந்த ஒவ்வொரு சதத்தின் பின்னும் இத்தகைய பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பொட்டலமும் அவற்றை அச்சிடவில்லை.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். 'அவர் தம் காலத்தின் மனிதர். அன்று எல்லாத் துரைமாரும் அப்படியே' என்பது ஒன்று. இது உண்மை. இதனாலேயே நாம் அவரைக் கொடியவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. ஒரு மனிதரின் தீமையால் விளைந்ததாயின் அவர் மறைவோடு அது மறைந்திருக்கும். மறையவில்லை என்பதே நமது கவலை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதைச் செய்தது வெள்ளையர் அரசு அன்று, சுதந்திர இலங்கையின் முதல் நாடாளுமன்றம். 1964ஆம் ஆண்டில் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதரை மூட்டைகள் போல் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. துரையின் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார். லயம் லயமாகவே இருந்தது. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாட்கூலியை 1,000 ரூபாவாக்க 2021 வரையும், 1,350 ரூபாவாக்க 2024 வரையும் போராட வேண்டியிருந்தது. உரிமையாளன் மாறினாலும் உறவு மாறாவிடில் பயனில்லை என்ற பாடத்தை இம்மலைகள் நமக்கு மிகுந்த விலைக்குக் கற்பித்திருக்கின்றன.

'இது வெள்ளையன் கறுப்பனைச் சுரண்டிய கதை. நம்மவர் கையில் வியாபாரம் வந்தால் எல்லாம் சரியாகும்' என்பது இரண்டாவது மறுப்பு. இது நம் இளைஞர் சிலருக்கு மிகவும் பிடித்த வாதம். லிப்டன் என்னும் பெயரின் பிற்கால வரலாறே இதற்கு விடை சொல்கிறது. அப்பெயர் காலப்போக்கில் யுனிலீவர் என்னும் பெருங்கம்பனியிடம் சென்றது. 2022ஆம் ஆண்டில் அக்கம்பனி தன் தேயிலை வியாபாரத்தின் பெரும் பகுதியைச் சுமார் 450 கோடி யூரோ மதிப்பில் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. வாங்கியவர் கொடுத்த விலையில் நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் உரியது போக, வெறும் பெயர்களுக்கு உரியது எவ்வளவு என்பதை எண்ணிப்பாருங்கள். பின்னர் 2024இல் அவ்வியாபாரத்தின் கென்யாத் தேயிலைத் தோட்டங்களை வாங்க முன்வந்தது ஓர் இலங்கைக் கம்பனி. இலங்கை மலையில் செல்வம் தேடிய பெயரிடமிருந்து இலங்கை முதலாளி ஆபிரிக்க மலையை வாங்குகிறார். கென்யாவின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இதில் என்ன ஆறுதல்? மூலதனத்துக்குத் தோல் நிறமும் இல்லை, தாய்மொழியும் இல்லை. நம்மவர் என்ற சொல்லில் மயங்கி, நம்மவரின் கீழ் உழைப்பவர் நம்மவர் அல்லவா என்று கேட்க மறந்துவிடலாகாது.

நமது ஊரைச் சுற்றிலும் இக்கேள்விக்கு இடம் நிரம்ப உண்டு. விரிகுடாவின் அக்கரையில், சீனக்குடாவில் பெரிய மா ஆலை நிற்கிறது. சிங்கப்பூரின் பிரிமா கம்பனி 1977ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அமைத்த அவ்வாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமை விளையாத இத்தீவில் காலையிற் பாண் உண்பது வழக்கமாகிவிட்டது. எந்த நாட்டு உழவன் அக்கோதுமையை விளைத்தான், கப்பலிலிருந்து அதனை இறக்கியவன் யார் என்று பாணைப் பிய்ப்பவர் கேட்பதில்லை. இக்கரையிலோ, நம் வயல்களின் நெல் அறுவடையான உடனே கடனுக்காக விற்கப்படுகிறது. பின்னர் ஆலைக்காரரின் பெயர் பொறித்த பையில் அரிசியாக அதே ஊரின் கடைக்குத் திரும்பி வருகிறது. விளைத்தவன் தன் விளைச்சலையே பிறர் பெயரில் விலை கொடுத்து வாங்குகிறான்.

பெயர் பொறிக்கும் பழக்கம் மூதூருக்குப் புதியதன்று. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மகன் ராபர்ட் நொக்சும் கண்டியரசனின் ஆட்களிடம் இங்கே பிடிபட்டனர். அந்நிகழ்ச்சிக்காக 1893இல் இங்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. கப்பலில் வந்து சிறைப்பட்டவருக்குக் கல் நாட்டியதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அவரும் துன்புற்ற மனிதரே. ஆனால் அதே காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வழியில் வீழ்ந்தவருக்கு அன்று எவரும் கல் நாட்டவில்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயலில் மலையகத்தை விட்டுத் துரத்தப்பட்டு வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களில் ஒதுங்கிய அவர்தம் சந்ததியார் இன்றும் நம் அயலவராக இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். 'முயன்று உயர்ந்தவர்' கதையை நாம் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவரில் அவர்களும் உண்டு. தம் பாட்டன் ஏன் உயரவில்லை என்று அப்பிள்ளை தன்னையே கேட்டுக்கொண்டால், அவன் சோம்பேறி என்பதைத் தவிர வேறு விடையை நம் பாடம் அதற்குக் கொடுக்கிறதா?

ஆகவே, லிப்டனைப் போன்றோரின் வாழ்க்கையைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை அன்று. அதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. சரக்கை நேர்மையாக நிறுத்தவர், புதுவழி கண்டவர், தோல்வியில் முகம் வாடாதவர் என்பவற்றை மாணவன் அறியட்டும், அவற்றைக் கைக்கொள்ளட்டும். கூடவே மூன்று கேள்விகளைக் கேட்கவும் பழகட்டும். இவருக்கு இருந்த சுதந்திரம் இவரிடம் வேலை செய்தவருக்கு இருந்ததா? இவர் கொடை கொடுக்குமுன் கூலியைக் கொடுத்துவிட்டாரா? இவர் பெயரின் கீழ் எத்தனை பெயர்கள் மூடப்பட்டுக் கிடக்கின்றன? எந்தச் செல்வரின் வரலாற்றுக்கும் இம்மூன்று கேள்விகளும் பொருந்தும். நேர்மையான விடை உள்ளவர் இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உணவு எல்லாப் பண்டங்களையும் போன்றது அன்று. அது உயிரோடு கலக்கிறது. பிறர் வியர்வையை நாம் உட்கொள்கிறோம் என்பது உவமை அன்று, உண்மை. அவ்வுண்மையை உணர்ந்தவன் உண்ணாமல் இருக்கப் போவதில்லை, உண்ண வேண்டியதுதான். ஆனால் அவன், தன் கடனைக் கடன் என்று அறிந்து உண்பான். கூலி உயர்வு கேட்டு மலையில் வேலைநிறுத்தம் நடக்கும் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது 'தேயிலை விலை ஏறுமே' என்று முணுமுணுக்க மாட்டான். நெல்லுக்கு நியாய விலை கேட்டுத் தன் ஊரார் தெருவில் இறங்கும்போது ஒதுங்கி நிற்க மாட்டான். தானே ஒரு நாள் முயன்று உயர்ந்து, ஒரு பொட்டலத்தின் மேல் தன் பெயரை அச்சிடும் நிலைக்கு வந்தாலும், அந்தப் பெயரைத் தனக்கு மட்டும் சொந்தமென்று எண்ண மாட்டான். அத்தகைய மாணவன் ஒருவனை ஒவ்வொரு வகுப்பிலும் உருவாக்க முடியுமானால், ஆசிரியர் தொழிலுக்கு அதைவிடப் பெரிய கூலி வேண்டியதில்லை.